பெயிண்டர் எழுதின ஹலால்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட பேப்பரில வாசகர் கடிதத்தில ஒருத்தர் எழுதியிருந்தார், ஹலால் கிலால் எண்டு எல்லாத்துக்கும் முத்திரை குத்தத் தேவையில்லை, சாப்பிடுறவன் நம்பிச் சாப்பிட வேண்டியதுதான், கடைக்காரன் பொய் சொன்னா அதை மேல இருக்கிறவன் பாத்துக்கொள்ளுவான் எண்டு. அந்தப் பொய் சொன்ன கடைக்காரன் நான்தான் ஐயா. மேல இருக்கிறவன் இன்னும் ஒண்டும் கேக்கேல்ல. கீழ இருக்கிறவையும் கேக்கேல்ல, அதுதான் இந்தக் கடிதம்.

எனக்கு மாங்குளத்தில ஏ9 ரோட்டோரமா ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை இருக்கு, ஆறு மேசை, முன்னுக்கு கொத்து அடிக்கிற தட்டு, பின்னுக்கு விறகடுப்பு ரெண்டும் காஸ் அடுப்பு ஒண்டும். மனுசியும் நானும் ஒரு பெடியனும்தான் வேலை. சண்டை முடிஞ்சு திரும்பி வந்து தகரக் கொட்டிலா துவங்கினது, பேந்து கொஞ்சம் கொஞ்சமாக் கல்லால கட்டினனாங்கள். கட்டி முடிச்சு போட் எழுதிறதுக்கு வவுனியாவில இருந்து ஒரு பெயிண்டரைக் கூப்பிட்டனான். கடைப் பேர் எழுதி, "சோறு, கொத்து, பிரியாணி" எல்லாம் எழுதி முடிச்சிட்டு ஏணியில நிண்டபடி கேக்கிறார், "அண்ணை, ஹலால் எண்டும் போட்டுவிடட்டோ, மூலையில இடம் சும்மா கிடக்கு, எல்லாரும் போடுறவை" எண்டு. எவ்வளவு எண்டு கேட்டன். அதுக்குக் காசு வேண்டாம், பச்சைப் பெயிண்ட் மிச்சம் கிடக்கு எண்டார். சரி போடும் எண்டிட்டன்.

அவ்வளவுதான் ஐயா என்ர கடைக்கு ஹலால் வந்த கதை. ஒரு மௌலவி வரேல்ல, ஒரு படிவம் நிரப்பேல்ல, ஒரு கையெழுத்து வைக்கேல்ல. பெயிண்ட் மிஞ்சினதால வந்தது.

அதுக்குப் பிறகு ஏழெட்டு வருசம் அந்தப் பச்சை எழுத்து எனக்கு உழைச்சுத் தந்திருக்கு எண்டுதான் சொல்ல வேணும். யாழ்ப்பாணம் போற வான்கள், புத்தளம் பக்கம் இருந்து வாற லொறிகள், தொப்பி போட்ட ஆக்கள், பர்தா போட்ட பிள்ளையள் எல்லாம் போட்டைப் பாத்திட்டு வந்து இருப்பினம். ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறதில்லை. எழுதியிருக்குத்தானே, என்னத்தைக் கேக்கிறது.

ஒரு நாள் மத்தியானம் ஒரு வான் வந்து நிண்டுது, ஒரு வயசான முஸ்லிம் நானா, எழுபது தாண்டியிருக்கும், மகன், மருமகள், ஒரு சின்னப் பெடியன். புத்தளத்தில இருந்து முல்லைத்தீவுக்குக் காணி பாக்கப் போகினமாம். சோறும் கோழிக்கறியும் சொல்லிச்சினம். நான் பருப்பு விட்டு கறி விட்டு பெடியன் முதல் கவளம் பிசையிறான், அந்த நானா அவன்ர கைக்கு மேல தன்ர கையை மெல்ல வைச்சுப் பிடிச்சுக்கொண்டு என்னைக் கேக்கிறார், "தம்பி, கோழி ஆர் அறுத்தது?"

"கிளிநொச்சியில இருந்து வாறது நானா."

"எங்க இருந்து வாறது எண்டு கேக்கேல்ல மகன். ஆர் அறுத்தது?"

"முஸ்லிம் ஆக்கள்தான்" எண்டு சொன்னன். எனக்குத் தெரியாது ஐயா. அந்தக் கோழிக் கடையில ஆர் அறுக்கிறது எண்டு நான் ஒரு நாளும் பாத்ததில்லை, விடிய ஐஞ்சரைக்கு ஒரு பெடியன் மோட்டச் சைக்கிளில பெட்டி கட்டிக்கொண்டு வந்து இறக்கிப்போட்டுப் போவான், நான் நிறுத்து எடுப்பன், அவ்வளவுதான். அந்த மனுசன் என்ர முகத்தைக் கொஞ்ச நேரம் பாத்தார். சண்டை பிடிக்கேல்ல, சத்தம் போடேல்ல. "முட்டை இருக்கோ" எண்டு கேட்டார். நாலு பேருக்கும் முட்டை பொரிச்சுக் குடுத்தன். போகேக்க கோழிக்கும் சேர்த்துக் காசு தந்தார், வேண்டாம் எண்டன், மேசையில வைச்சிட்டுப் போட்டார்.

அவர் சாப்பிட்ட முட்டையும் எந்தத் தாச்சியில பொரிச்சது எண்டு எனக்கும் மனுசிக்கும்தான் தெரியும். அந்தக் கிழமை ஒட்டுசுட்டான் பக்கம் இருந்து மச்சான் ஒருத்தன் காட்டுப் பண்டி இறைச்சி ஒரு பங்கு கொண்டுவந்தவன், வன்னியில இருக்கிற ஆக்களுக்கு இது புதினமில்லை. வீட்டுக்குத்தான் சமைச்சது, கடையில விக்கேல்ல, ஆனா வெட்டினது கடைக் குத்தியில, கடைக் கத்தியால, வதக்கினது அந்தத் தாச்சியில. கழுவினதுதான். நல்லாத்தான் கழுவினது. எண்டாலும் வெளியில பச்சைப் பெயிண்ட் எழுத்து, உள்ளுக்கு இது.

அண்டு இரவு நித்திரை வரேல்ல. சும்மா சொல்லேல்ல, ஒரு காரணம் இருக்கு. அந்த நானா வெத்திலை போட வெளியில நிண்டு மகனோட கதைச்சுக்கொண்டு நிக்கேக்க தண்ணீரூற்று எண்டது காதில விழுந்தது. நான் பிறந்தது முள்ளியவளை. தண்ணீரூற்று எண்டா முஸ்லிம் சனம் இருந்த ஊர், எங்களுக்கு அடுத்த வளவு மாதிரி. சின்ன வயசில ஐயா ஊருக்குள்ள பங்கு இறைச்சி போடேக்க, ஒரு ஆடு அடிச்சு எட்டுப் பத்துப் பங்காப் பிரிக்கிறது, அதுக்கு அறுக்கிறதுக்கு தண்ணீரூற்றில இருந்து ஒரு நானாவைத்தான் கூப்பிடுவார். அவர் சைக்கிளில வருவார், கத்தியைத் துணியில சுத்திக்கொண்டு. விரலால கூர் பாப்பார், ஆட்டைப் படுக்க வைச்சு, அல்லாவின்ர பேரால எண்டு பிஸ்மி சொல்லி ஒரே இழுவை, கத்தியை இடையில எடுக்கமாட்டார். ரத்தம் முழுக்க ஓடி முடியுமட்டும் எங்களைக் கிட்ட விடமாட்டார். நான் ஒருக்கா ஐயாவைக் கேட்டனான், ஏன் நாங்களே அறுக்கேலாதோ எண்டு. ஐயா சொன்னது, "நாங்கள் அறுத்தா நாங்கள் மட்டும்தான் தின்னலாம், அவர் அறுத்தா எல்லாரும் தின்னலாம்." அதில ரெண்டு பங்கு எப்பவும் தண்ணீரூற்றுக்குப் போகும்.

1990 ஐப்பசி கடைசியில வடக்கில இருந்த முஸ்லிம் சனம் 70,000க்கு மேல, புலிகள் சொன்ன கெடுவுக்குள்ள, உடுத்த உடுப்போட வெளிக்கிட்டுப் போனது எல்லாருக்கும் தெரியும். எனக்கு அப்ப 19 வயசு. அதுக்குப் பிறகும் எங்கட ஊரில பங்கு இறைச்சி போட்டவை. ஆர் அறுக்கிறது எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல.

அடுத்த கிழமை நான் விடிய நாலு மணிக்கு எழும்பி பைக்கை எடுத்துக்கொண்டு அந்தக் கோழிக் கடைக்குப் போனன். சொல்லாமல் போனன். உள்ளுக்கு ஒரு லைற், கூட்டுக்குள்ள ப்ரொய்லர் கோழியள், ஒரு பிளாஸ்டிக் பரல், இறகு கழட்டிற மெசின். ஒரு பெடியன், இருபது வயசு இருக்கும், ரெண்டு காதிலயும் வயர், போனில பாட்டு ஓடுது, தலையை ஆட்டிக்கொண்டு கோழியை எடுக்கிறான், ஒரு வெட்டு, பரலுக்குள்ள எறியிறான், அடுத்தது. பரலுக்குள்ள விழுந்தது செட்டை அடிச்சு ஓயுமுன்ன மேல இன்னொண்டு விழுது. வெட்டு சில நேரம் சரியா விழும், சில நேரம் பாதி. அவன் எங்கட பெடியன்தான், நெத்தியில திருநூறு. நான் அவனைக் குறை சொல்லேல்ல, அவனுக்கு நாள் சம்பளம், ஒருத்தரும் அவனிட்ட ஒண்டும் கேக்கேல்ல. முதலாளியிட்ட கேட்டன், நீங்களும் பில்லில ஹலால் சிக்கன் எண்டு அடிச்சிருக்கிறியள் எண்டு. அவர் சிரிச்சார். "பில் புத்தகம் அச்சடிச்சவன் போட்டது அண்ணை."

எனக்குப் பெயிண்டர், அவருக்கு அச்சகக்காரன்.

இப்ப சட்டத்துக்கு வாறன். என்ர மகள் யாழ்ப்பாணம் கம்பஸில லோ படிக்கிறாள், லீவுக்கு வந்தவளிட்ட நான் இதைச் சொன்னன், முதல் என்னைப் பேசினாள், பேந்து தேடித் தேடி வாசிச்சுச் சொன்னாள், அதில எனக்கு விளங்கினதைத்தான் எழுதுறன், பிழை இருந்தா அது என்ர பிழை.

எங்கட நாட்டில கடைக்காரன் வாடிக்கையாளரை ஏமாத்தக் கூடாது எண்டு சட்டம் இல்லாமல் இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில 30ஆம் பிரிவு எண்டு ஒண்டு இருக்கு, வியாபாரத்தில பிழையா வழிநடத்திற மாதிரி, ஏமாத்திற மாதிரி நடக்கக்கூடாது எண்டு. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்திலயும் பொய் லேபிள் ஒட்டி விக்கக்கூடாது எண்டு இருக்கு. 1977 எண்ட நம்பருக்கு அடிச்சு முறைப்பாடும் குடுக்கலாம். அப்ப அந்த நானா என்னைப் பற்றி அடிச்சுச் சொல்லியிருந்தா என்ன நடந்திருக்கும்? மகள் கேட்டாள், "அப்பா, நீங்கள் போட்டில எழுதின ஹலால் எண்டதுக்கு என்ன அர்த்தம் எண்டு கோட்டில கேட்டா என்ன சொல்லுவியள்?" எனக்குத் தெரியேல்ல. அவளும் அந்தச் சட்டங்களைப் புரட்டிப் பாத்திட்டு, இந்தச் சொல்லுக்கு இதில விளக்கம் இல்லை எண்டாள். விலைக்கட்டுப்பாட்டுக்கு மேல ஒரு ரூபா கூட வித்தாப் பிடிக்க ஆக்கள் வருவினம், திகதி முடிஞ்ச பிஸ்கட் இருந்தா பிஎச்ஐ, அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து எழுதுவார். என்ர கடைக்கு வந்த பிஎச்ஐமார் கிணத்துத் தண்ணியைப் பாத்திருக்கினம், கான் பாத்திருக்கினம், பெடியன்ர மெடிக்கல் கேட்டிருக்கினம், இலையான் வலை அடிக்கச் சொல்லியிருக்கினம். ஹலால் எண்ட எழுத்துக்குக் கீழ நிண்டுதான் எழுதினவை, ஒருத்தரும் நிமிந்து பாத்து இது என்ன எண்டு கேட்டதில்லை. அவையைச் சொல்லி என்ன, அவையின்ர படிவத்தில அப்பிடி ஒரு கேள்வி இல்லை.

ஹலால் சான்றிதழ் எண்டு நாட்டில இல்லாமலும் இல்லை. முந்தி அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா எண்ட மௌலவிமாரின்ர சபை குடுத்துக்கொண்டு வந்தது. 2013 மாசி மாசம் மஹரகமவில பொது பல சேனா எண்ட சிங்கள பௌத்த அமைப்பு கூட்டம் வைச்சு ஹலால் இலச்சினையைத் தூக்க வேணும் எண்டு கெடு வைச்சதும், அடுத்த மாசமே உலமா சபை வர்த்தக சம்மேளனத்தோட இருந்து உள்ளூர்ச் சந்தைச் சாமானில இலச்சினை போடத் தேவையில்லை எண்டு அறிவிச்சதும் ஞாபகம் இருக்கும். ஏற்றுமதிக்கு மட்டும் அது இருந்தது, ஏனெண்டா வெளிநாட்டுக்காரன் அது இல்லாமல் வாங்கமாட்டான், காசு வாற இடத்தில ஒருத்தருக்கும் ஹலால் பிரச்சினையில்லை. 2014இல இருந்து ஹலால் அக்ரெடிட்டேஷன் கவுன்சில் எண்டு ஒரு கம்பனி அந்த வேலையைச் செய்யுது. பெரிய பெரிய கம்பனியள் எடுக்கினம், ஃப்ரோசன் கோழிப் பக்கட்டில பாக்கலாம். ஆனா அது விருப்பமானவன் எடுக்கிறது. எடுக்காதவன் சும்மா எழுதினா என்ன செய்யிறது எண்ட இடத்திலதான் ஓட்டை. மாங்குளத்துக் கொத்துக் கடையும் கிளிநொச்சிக் கோழிக் கடையும் அந்த ஓட்டைக்குள்ளதான் இருக்கு.

இந்த ஓட்டையால முஸ்லிம் சனம் மட்டும் நட்டப்படேல்ல. 2018 மாசியில அம்பாறையில ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில கொத்துக்குள்ள மலடாக்கிற குளிசை போடினம் எண்டு கதை கட்டி கடையையும் பள்ளியையும் அடிச்சு உடைச்சவை, பேந்து அரச பகுப்பாய்வாளர் பாத்துச் சொன்னது அது மாவுக்கட்டி எண்டு. நான் கொத்து அடிக்கிறவன் எனக்குத் தெரியும், ரொட்டி மா சரியாக் குழைபடாட்டி கட்டி வரத்தான் செய்யும். கடைக்குள்ள என்ன நடக்குது எண்டு பாக்கிறதுக்கு ஒரு ஒழுங்கான ஆளும் ஒழுங்கான தாளும் இல்லாத இடத்தில வதந்திதான் இன்ஸ்பெக்டர் வேலை பாக்கும்.

மற்ற நாடுகளில என்ன செய்யினம் எண்டும் மகள் சொன்னாள். இந்தோனேசியாக் கதை எனக்குப் பிடிச்சது, ஏனெண்டா அதில அஜினமோட்டோ வருது, நாங்கள் கொத்துக்கு தூவுறமே அதுதான். அங்க 1988இல சாமான்களில பண்டிக் கொழுப்பு கலந்திருக்கு எண்டு பெரிய பீதி கிளம்பி, சனம் வாங்கிறதை விட்டு, அடுத்த வருசமே உலமா சபை சோதிச்சுப் பாக்க ஒரு நிறுவனம் துவங்கினது. பேந்து 2001 துவக்கத்தில அஜினமோட்டோ சிக்கல். அந்தத் தூளுக்குள்ள பண்டி இல்லை. அதைச் செய்யிற பக்டீரியா வளர்க்கிற சாப்பாட்டைத் தயாரிக்க பண்டியில இருந்து எடுத்த என்சைம் பாவிச்சவையாம். நாடு முழுக்க இருந்து திருப்பி எடுத்தவை. அதிலயும் பாருங்கோ, உலமா சபை ஹராம், கூடாது எண்டு சொல்ல, ஜனாதிபதியா இருந்த அப்துர்ரஹ்மான் வஹீத், அவரே மார்க்கம் படிச்ச பெரிய ஆலிம், அது ஹலால்தான் எண்டு சொன்னார். மார்க்கம் படிச்ச ஆக்களுக்குள்ளயே ரெண்டு கருத்து. பேந்து 2014இல 33ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவந்து, சான்றிதழ் கட்டாயம் எண்டாக்கிச்சினம், 2024 ஐப்பசி 17ஓட சாப்பாட்டுச் சாமானுக்குப் பெரிய கம்பனியளுக்கு கெடு முடிஞ்சுது, என்னைப் போல சின்ன ஆக்களுக்கு 2026 ஐப்பசி 17 மட்டும் தவணை. ஹலால் இல்லாத சாமானையும் விக்கலாம், ஆனா இது ஹலால் இல்லை எண்டு அதில போட வேணும். அந்த ஒரு விசயம் நல்லது. கட்டாயம் எண்டது எங்களுக்குச் சரிவராது, முஸ்லிம் சனம் பத்தில ஒரு பங்கு இருக்கிற நாட்டில எல்லாரையும் சான்றிதழ் எடு எண்டு சொன்னா அடுத்த நாளே மஹரகமவில திரும்பவும் கூட்டம் வைப்பினம்.

சிங்கப்பூரில முயிஸ் எண்ட முஸ்லிம் சபைக்கு மட்டும்தான் சான்றிதழ் குடுக்க அதிகாரம், அனுமதி இல்லாமல் அந்தக் குறியைப் பாவிச்சா 10,000 டொலர் மட்டும் தண்டம் இல்லாட்டி 12 மாசம் மறியல், ரெண்டும் கூட வரலாம். மலேசியாவில 2011இல வியாபார விவரணச் சட்டத்தின்ர கீழ ஒரு கட்டளை போட்டு ஹலால் எண்ட சொல்லுக்கு விளக்கம் குடுத்து வைச்சிருக்கினம். அப்பிடி இருந்தும் 2020 கடைசியில அங்க இறைச்சி இறக்குமதி செய்யிற ஒரு கூட்டம் கள்ள ஹலால் முத்திரை குத்தி வித்தது எண்டு பேப்பர் எல்லாம் நாறினது. சட்டம் இருந்தாக் களவு நிண்டிடும் எண்டு நான் சொல்லேல்ல. பிடிபட்டா இது களவு எண்டு சொல்லுறதுக்கு ஒரு பேராவது இருக்கும்.

எனக்கு சரியாப் பட்டது அமெரிக்காவில நியூ ஜேர்சி செய்தது. அங்க யூத ஆக்களின்ர கோஷர் சாப்பாட்டுக்கு அரசாங்கமே இதுதான் முறை எண்டு விதி வைச்சிருக்க, 1992இல அந்த மாநில உச்ச நீதிமன்றம் மார்க்கத்துக்கு விளக்கம் சொல்லுறது அரசாங்கத்தின்ர வேலை இல்லை எண்டு அந்த விதியைத் தூக்கி எறிஞ்சுபோட்டுது. அந்தப் பாடத்தைப் படிச்சு 2000ஆம் ஆண்டு ஹலாலுக்கு ஒரு பாவனையாளர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தவை. ஹலால் எண்டா என்ன எண்டு அரசாங்கம் சொல்லாது. ஹலால் எண்டு விக்கிறவன் தான் எந்த அடிப்படையில அப்பிடிச் சொல்லுறன் எண்டு ஒரு தாளில எழுதி கடைக்குள்ள எல்லாருக்கும் தெரியிற இடத்தில ஒட்ட வேணும். எழுதினது ஒண்டு செய்யிறது ஒண்டு எண்டா பிடிப்பினம்.

இது எங்கட வன்னிக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி எனக்குத் தெரியுது. என்னைப் போல ஒருத்தன் கொழும்புக்குப் போய் சான்றிதழ் எடுத்து வருசா வருசம் காசு கட்டி ஓடித்திரிய ஏலாது, ஆறு மேசைக் கடைக்கு கட்டுபடியாகாது. ஆனா ஒரு தாள் ஒட்டலாம். கோழி எங்க எடுக்கிறம், அங்க ஆர் அறுக்கிறது, கையால அறுத்ததோ மெசினோ, ஃப்ரோசன் எண்டா எந்தச் சான்றிதழ், அடுப்படியில பண்டி வாறதோ, சாராயம் உள்ளுக்கு விடுறதோ. பிரதேச சபையில வியாபார லைசென்ஸ் புதுப்பிக்கேக்க இதையும் ஒரு பக்கமாச் சேர்த்தாப் போதும், பிஎச்ஐ வரேக்க அந்தத் தாளையும் பாக்கட்டும், பொய் எண்டா 30ஆம் பிரிவின்ர கீழ போடட்டும். பிறகு சாப்பிடுறதும் விடுறதும் வாறவரின்ர முடிவு. மெசினால அறுத்தது சிலருக்குச் சரி, சிலருக்குச் சரியில்லை, அதை நானோ பிரதேச சபையோ தீர்க்க ஏலாது. உலக அளவில கோடெக்ஸ் எண்ட உணவு அமைப்பு 1997இல எழுதி வைச்ச வழிகாட்டியிலயும் அறுக்கிறவர் முஸ்லிமா முறை தெரிஞ்சவரா இருக்க வேணும், ஒவ்வொண்டுக்கும் பிஸ்மி சொல்ல வேணும், கத்தி கூரா இருக்க வேணும், மூச்சுக் குழல், சாப்பாட்டுக் குழல், கழுத்து ரத்தக் குழாய் எல்லாம் வெட்டுப்பட வேணும் எண்டு இருக்காம். மகள் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு சைக்கிளில வந்த நானாதான் ஞாபகம் வந்தார்.

ஒண்டு மட்டும் பயம், அதையும் சொல்லிப்போடுறன். அந்தத் தாளில கையெழுத்து வைக்கிறது பள்ளிவாசல் நிர்வாகம் எண்டாக்கினா நாளைக்கு அதுவும் காசு பறிக்கிற ஒரு கவுண்டராப் போடும். கோயில் நிர்வாகத்தில நான் இருந்தனான், எனக்குத் தெரியும் நிர்வாகம் எண்டா என்ன எண்டு.

பக்கட் சாமானும் இதே கதைதான். மனுசி கடை முன்னுக்கு ரொபி பிஸ்கட் விக்கிறவ. பிள்ளையள் வாங்கிற ஒரு ஜெலி ரொபி, வெளிநாட்டுச் சாமான், அதில இறக்குமதிக்காரன்ர விலை ஸ்டிக்கர் சரியா என்னென்ன போட்டிருக்கு எண்ட எழுத்துக்கு மேலதான் ஒட்டியிருந்தது. நகத்தால சுரண்டிப் பாத்தன், அரைவாசி எழுத்து ஸ்டிக்கரோடயே வந்திட்டுது, மிச்சத்தில ஜெலட்டின் எண்டு மட்டும் இருக்கு. மாட்டு ஜெலட்டினோ பண்டியோ மீனோ, ஒண்டும் இல்லை. மேல மூலையில சின்னதா அரபு எழுத்தில ஹலால் மாதிரி ஒரு குறி, எந்த நாட்டு எந்தச் சபை எண்டு இல்லை. சாளம்பைக்குளத்தில இருந்தோ நீராவிப்பிட்டியில இருந்தோ ஒரு உம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து நிண்டா அவ எதை நம்பிறது?

எங்கட ஆக்கள் சிலர் கேக்கினம், முஸ்லிம்களுக்கு ஏன் தனிச் சட்டம், எங்களுக்கு ஹலாலைத் திணிக்கப் பாக்கினம் எண்டு. கடையில இருந்து பாக்கிற எனக்கு இது சிரிப்பா இருக்கு. கந்தசஷ்டி ஆறு நாளும் எங்கட கடைக்கு வாற சைவக்காரர் என்ன கேக்கிறவை தெரியுமோ? "தம்பி, மச்சக் கரண்டியைப் போட்டுக் கிண்டேல்லத்தானே?" "சைவச் சட்டி வேறதானே?" ஒருக்கா எங்கட பெடியன் கோழிக் கறிக் கரண்டியால சாம்பாரை அள்ளிப்போட்டான் எண்டு ஒரு ஐயா இலையோட எழும்பி ரோட்டுக்குப் போய் என்னைப் பேசின பேச்சு இண்டைக்கும் காதில இருக்கு. அவர் கேட்டதும் தண்ணீரூற்று நானா கேட்டதும் ஒரே கேள்விதான். நானா சத்தம் போடாமல் கேட்டார், சத்தம் போட அவருக்கு இன்னும் துணிவு வரேல்ல எண்டு நினைக்கிறன், முப்பது வருசம் கழிச்சு சொந்த ஊருக்கு விருந்தாளி மாதிரி வாறவர் ரோட்டில நிண்டு கத்துவாரோ. சட்டம் அப்பிடிக் கத்த ஏலாத ஆளுக்குத்தான் முதல் வேணும். நான் சொல்லுற தாளில சைவம் எண்டு போட் போட்டவனும் தன்ர அடிப்படையை எழுதட்டும், ஒரு சமயத்துக்கு மட்டும் எண்டு இருக்காது.

இறைச்சி விலை கூடும் எண்டு சொல்லுறவையும் இருக்கினம். நான் இப்ப கோழி எடுக்கிறது வவுனியாவில முஸ்லிம் ஆக்கள் இருக்கிற பட்டாணிச்சூர்ப் பக்கம் ஒரு கடையில, பஸ்ஸில ஏத்தி விடுவினம். கிலோவுக்கு கொஞ்சம் கூடத்தான் வருது, பஸ் கூலி வேற. ஆனா அங்க போய் நிண்டு பாத்தனான், ஒவ்வொண்டா எடுத்து அறுத்து ரத்தம் வடிய விட்டுத்தான் அடுத்தது. கறியும் மணம் குறைவு எண்டு மனுசி சொல்லுறா. கொத்து விலையை நான் கூட்டேல்ல, கோழியைக் கொஞ்சம் குறைச்சுப் போடுறன், அதையும் ஒளிக்காமல் சொல்லிப்போடுறன்.

குத்தியும் தாச்சியும் கத்தியும் கடைக்குப் புதுசு வாங்கியாச்சு. மச்சான் பண்டி கொண்டுவந்தா வீட்டுக் குசினியில பழைய சாமானில சமையல், அந்தப் பக்கமே கடைப் பெடியன் போகமாட்டான். போட்டில இருந்த ஹலாலுக்கு மேல நானே ஏணி வைச்சு ஏறி வெள்ளைப் பெயிண்ட் அடிச்சன், ரெண்டு தரம். காசு மேசைக்குப் பின்னால மகள் எழுதித் தந்த ஒரு தாளை பிளாஸ்டிக் உறைக்குள்ள போட்டு ஒட்டியிருக்கு. கோழி எங்க எடுத்தது, ஆர் அறுத்தது, இறைச்சி வேற இல்லை, முட்டை தனித் தாச்சி, எங்களிட்ட சான்றிதழ் ஒண்டும் இல்லை, சந்தேகம் எண்டா கேளுங்கோ. கேக்கிறவை இருக்கினம். வாசிச்சிட்டு எழும்பிப் போறவையும் இருக்கினம், முந்தி வந்த வான்களில கொஞ்சம் இப்ப நிக்காமல் போகுது, ஏனெண்டா அங்கால அரைக் கட்டைக்குள்ள இன்னும் ரெண்டு கடையில பச்சை எழுத்து அப்பிடியே இருக்கு. அந்தக் கடைக்காரரைப் பற்றி நான் ஒண்டும் சொல்லமாட்டன், அவையளிட்டயும் ஒரு பெயிண்டர் கேட்டிருப்பார்.

என்ர போட்டில வெள்ளைப் பெயிண்டுக்குக் கீழால பின்னேர வெயில் படேக்க அந்த எழுத்து லேசா இன்னும் தெரியுது. போன ஞாயிறும் ஒரு வான்காரர் அதைப் பாத்திட்டு இறங்கி வந்தார். தாளைக் காட்டினன். நிண்டு வாசிச்சார், பேந்து எத்தனை பேருக்கு இடம் இருக்கு எண்டு கேட்டார்.

பேர் போட வேண்டாம் ஐயா, ஊர் மட்டும் போதும்.

இப்படிக்கு,
சாப்பாட்டுக் கடைக்காரன்,
மாங்குளம்.